டர்னரின் தாள், ஹோமரின் வானம்: வாட்டர்கலர் கேள்வி பதில்

புகழ்பெற்ற வாட்டர்கலர் ஓவியர்கள் எந்தப் பேப்பர், எந்தக் கலர், எந்தப் பிரஷ் வைத்து வரைந்தார்கள் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): அண்ணா, கையில் இருப்பது கொஞ்சம் காசுதான். முதலில் நல்ல கலர் வாங்கவா, நல்ல பிரஷ் வாங்கவா?

இரண்டும் வேண்டாம், பேப்பர் வாங்கும்மா.

1818-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஃபார்ன்லி ஹால் என்ற மாளிகையில் ஆங்கில ஓவியர் டர்னர் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று பார்த்ததும் புரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அந்த வீட்டுப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். தாள் ஊறிப்போகிற அளவுக்கு டர்னர் ஈரக் கலரை ஊற்றினார். பிறகு பிறாண்டினார், சுரண்டினார், தேய்த்தார். கட்டைவிரல் நகத்தை இதற்காகவே கழுகு நகம் போல வளர்த்து வைத்திருந்த மனிதர் அவர். கடலின் நுரையை அந்த நகத்தால் கீறியே எடுத்தார். எல்லாம் ஒரே அலங்கோலமாகக் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் வெளியே வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் படம் முடிந்துவிட்டது.

இத்தனை அடியையும் சாதாரணத் தாள் தாங்காது. டர்னர் அதிகம் பயன்படுத்தியது கென்ட் பகுதியில் செய்த வாட்மன் தாள். கந்தல் துணியை அரைத்துச் செய்து, ஜெலட்டின் பசையில் முக்கிக் காயவைத்தது. அந்தப் பசையால்தான் கலர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவும் வரும். அந்தக் கைத்தாள் இப்போது இல்லை. அதற்குப் பக்கத்தில் வருபவை பிரான்சின் ஆர்ஷ், இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட். நூறு சதவீதம் காட்டன், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று பார்த்து வாங்கு. 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் எட்டுப் படம் வரையலாம். பள்ளி டிராயிங் நோட்டில் இரண்டாவது வாஷ் (தண்ணீராகக் கரைத்த கலரைப் பரப்புவது) போடும்போதே தாளின் மேல்தோல் திரிதிரியாக வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, நமக்கு வரைய வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி): தம்பி, ட்யூப் கலர் நல்லதா, கேக் கலர் நல்லதா? அந்தக் காலத்தில் எது இருந்தது?

சார், 1780 வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் கேக் கொண்டுவந்தார்கள். கல் மாதிரி இருக்கும், தண்ணீர் விட்டு உரைக்க வேண்டும். 1830-களில் வின்சர் அண்ட் நியூட்டன் என்ற லண்டன் கலர் கம்பெனி கிளிசரின் சேர்த்து, ஈரப் பிரஷ் பட்டதும் கரைகிற மாதிரி செய்தது. ட்யூப் வந்தது 1840-களில். உங்களுக்கு? பெரிய வானம் போடுவதென்றால் ட்யூப், பையில் போட்டுக்கொண்டு கோயில் குளம் என்று போய் வரைவதென்றால் பான், அதாவது சின்னக் கிண்ணத்தில் வரும் கெட்டிக் கலர். ட்யூபைப் பிதுக்கிக் காயவைத்தாலும் பான்தான்.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): ஆசையாக வரைந்து ஹாலில் மாட்டிய ரோஜா, ஒரு வருஷத்தில் வெளிறிவிட்டது. பெரியவர்களுக்கும் இப்படி ஆகியிருக்கிறதா?

ஆகியிருக்கிறது அக்கா, நன்றாகவே. அமெரிக்காவின் வின்ஸ்லோ ஹோமர் 1887-ல் வரைந்த படம் ஒன்று சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. வயலில் ஒரு பையன் நிற்கிறான், பின்னால் வானம் வெறும் வெள்ளை. வேண்டுமென்றே காலியாக விட்டார் என்றுதான் தோன்றும். தாளின் இழைகளில் ஒட்டியிருந்த நிறமித் துகள்களை ஆராய்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது சிவப்பும் ஆரஞ்சுமாக அந்தி வானம். வெளிச்சம் பட்டுப் பட்டு முழுசாகப் போய்விட்டது!

டர்னர் இன்னும் மோசம். கார்மைன் போன்ற நிற்காத சிவப்புகளைத் தெரிந்தே வாங்குவார். இந்தக் கலர் தங்காதே என்று வின்சர் அண்ட் நியூட்டனின் வின்சர் சொன்னதற்கு, கலர் செய்வது உம் வேலை, தீட்டுவது என் வேலை என்கிற தோரணையில் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவரைப் பின்பற்ற வேண்டாத இடம் இது.

உங்கள் ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் நிறமி எண் இருக்கும். பிஆர் 83 என்றிருந்தால் பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் நிற்காது. அதற்குப் பதில் குவினாக்ரிடோன் சிவப்புகள், உதாரணமாக பிவி 19. கண்ணைப் பறிக்கும் ஓபரா பிங்க்கில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும், அந்தப் பளபளப்புதான் முதலில் ஓடிப்போகும். எண்ணே போடாத கலரைச் சுவரில் மாட்டும் படத்துக்குத் தொடாதீர்கள். ஜன்னலுக்கு நேரேயும் மாட்டாதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): இந்தியன் எல்லோ என்ற மஞ்சள் கலர் மாட்டு மூத்திரத்தில் செய்ததாமே, உண்மையா?

உண்மைதான். 1883-ல் டி. என். முகர்ஜி என்பவர் பீகாரின் முங்கேர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்ப் பார்த்து எழுதினார். மாடுகளுக்கு மாவிலையும் தண்ணீரும்தான் தீனி. மூத்திரத்தைக் காய்ச்சி, வடித்து, உருட்டி விற்றார்கள். ரொம்ப நாள் இது கட்டுக்கதை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பழைய உருண்டைகளைச் சோதித்தபிறகு அவர் எழுதியது சரி என்றே ஆகிவிட்டது. இன்று அதே பெயரில் விற்பது வேறு செயற்கை நிறமி. மாட்டுக்கும் நிம்மதி.

கேள்வி (பொறியாளர், சென்னை): வாட்டர்கலரில் வெள்ளை பெயின்ட் தொடவே கூடாது என்கிறார் என் ஆசிரியர். சரியா?

ஆசிரியரிடம் சண்டை போடாதீர்கள். ஆனால் அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட்டின் படங்களைப் பாருங்கள். தேவைப்பட்ட இடத்தில் கெட்டி வெள்ளையைத் தயங்காமல் வைத்திருக்கிறார், மெழுகு தேய்த்து அதன்மேல் கலர் ஓட்டியிருக்கிறார். 1909-ல் புரூக்ளின் மியூசியம் அவருடைய 83 வாட்டர்கலர்களை மொத்தமாக வாங்கியது. வெள்ளை இருக்கிறது என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

கேள்வி: சீரீஸ் 7 பிரஷ் அவசியமா?

இல்லை. 1866-ல் விக்டோரியா ராணிக்காக வின்சர் அண்ட் நியூட்டன் செய்தது, அவருக்குப் பிடித்த அளவு 7 என்பதால் அந்தப் பெயர். அருமையான பிரஷ்தான், விலையும் ராணிக்கு உரியது. முனை கூர்மையாகக் கூடும் சிந்தெடிக் (செயற்கை முடி) ரவுண்ட் பிரஷ் ஒன்று, அகலமாக ஒன்று போதும்.

கேள்வி (ஓவிய மாணவர், கும்பகோணம்): எல்லாம் வெள்ளைக்காரர்களாகவே சொல்கிறீர்களே?

நியாயம் தம்பி. வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூரைப் பாருங்கள். 1903-ல் யோகோயாமா தைகான் என்ற ஜப்பானிய ஓவியர் கல்கத்தா வந்தபோது, தட்டைப் பிரஷ்ஷால் தாளை ஈரமாக்கிக்கொண்டே அவர் வேலை செய்வதை இவர் கவனித்தார். இவர் இன்னும் ஒரு படி போய், தீட்டிய படத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தார். காய்ந்ததும் மேலே தீட்டி, மறுபடி முக்குவார். ஒட்டாத கலர் கழன்றுபோகும், தாளில் பிடித்தது மட்டும் மூடுபனி மாதிரி நிற்கும். 1905-ன் பாரத மாதா அந்த முறையில் வந்ததுதான். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி பிறகு சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவரானார். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் அவரேதான். முக்கிப் பார்க்க ஆசையிருந்தால் காட்டன் தாளில் செய்யுங்கள், மலிவுத் தாள் கூழாகிவிடும்.

கேள்வி (தூத்துக்குடி): விலை கொடுத்து வாங்கிய ஆர்ஷ் தாளில் இப்போது கலர் திட்டுத்திட்டாக உறிஞ்சுகிறது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. கடற்கரை ஈரக்காற்றில் ஜெலட்டின் பசை கெட்டுப்போகும். பசை போன இடத்தில் தாள் மை ஒற்றும் தாள்தான். மிச்சமுள்ளதை பாலிதீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, பீரோ மேல்தட்டில் வையுங்கள். கெட்ட தாளின் ஓரத்தில் ஈரப் பிரஷ்ஷால் ஒரு கோடு போட்டால் உடனே கருக்கும். அதைப் பென்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.