உரிமம் இல்லாமல் ஹாம் ரேடியோ பட்டறைக்குப் போகலாமா?

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களுடன் பேசுவது) உரிமம் இன்னும் எடுக்கவில்லை, சங்கம் நடத்தும் பட்டறைக்குப் போனால் என்ன கற்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். சிக்னல் அனுப்பத்தான் உரிமம் வேண்டும். ஆன்டெனா கட்டவும் சால்டரிங் (ஈயத்தை உருக்கி இணைப்பது) பழகவும் அது தேவையில்லை.

முதலில் டைபோல் ஆன்டெனா செய்து பாருங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக நீளும் கம்பிதான் அது, மொத்த நீளம் அலையில் ஏறத்தாழ பாதி. 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. ஆனால் கம்பி ஏறத்தாழ 20 மீட்டர் போதும், பக்கத்துக்கு 10. வெட்டும்போது கொஞ்சம் கூடவே விடுங்கள். அப்புறம் உரிமம் உள்ள ஒருவர் சிக்னல் அனுப்ப, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் கருவி, 1-ஐ நெருங்கினால் நல்லது) பார்த்து இரு பக்கமும் சமமாக நறுக்கலாம். முள் 1.5-க்குக் கீழே இறங்கும்போது வரும் சந்தோஷமே தனி!

சால்டரிங்கில் ஈயத்தை அல்ல, இணைப்பைச் சூடாக்குங்கள். ஈயம் பளபளவென்று பரவினால் சரி. மங்கலாக உருண்டு நின்றால் மறுபடி செய்யுங்கள்.