நகையை அடகு வைத்து சீட் வாங்காதீர்கள், அம்மா

அம்மா, சனிக்கிழமை பெரம்பூரிலிருந்து வந்து அழுதுவிட்டுப் போனீர்கள். "பொண்ணுக்கு இன்ஜினியரிங் கட்ஆஃப் 168தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதே, என் தம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கிறான்" என்றீர்கள். அன்றைக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது. அந்த சீட்டை வாங்காதீர்கள். நகைக்கடனுக்கு வட்டி முதல் மாதமே ஓட ஆரம்பிக்கும், பொண்ணு சம்பளம் வாங்க குறைந்தது நாலு வருஷம் ஆகும்.

அவளிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன். லீவில் அப்பாவோடு நீரேற்று நிலையத்துக்குப் போனதையும், அங்கே அழுத்தமானி முள் ஏன் ஆடுகிறது என்பதையும் பத்து நிமிஷம் சொன்னாள். புரோகிராமிங் பிடிக்குமா என்றால் "ம்" என்றாள், அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளவிடும், கட்டுப்படுத்தும் கருவிகள் பற்றிய படிப்பு, பொருந்தும். அதைப் படித்தால் போய்ச் சேரக்கூடிய ஒரு வேலையைச் சொந்தக்காரர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மின் துணைநிலையம், நெம்மேலி கடல்நீர் ஆலை போன்ற இடங்களில் வால்வையும் மோட்டாரையும் இயக்குவது கணினிதான். 2015 டிசம்பரில் உக்ரைன் மின் நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். ஊழியர்கள் கண்முன்னே மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. இப்படி யாராவது நுழைந்தால் உடனே தெரியும்படி கண்காணிப்பு அமைப்பை வடிவமைப்பதுதான் நான் சொல்லும் வேலை.

அலுவலகக் கணினியைச் சோதிப்பதுபோல் இங்கே சோதிக்க முடியாது. பம்பையும் வால்வையும் இயக்கும் சிறு கணினிக்கு பி.எல்.சி. என்று பெயர். பழைய பி.எல்.சி.க்குப் பழக்கமில்லாத தகவல் போனால் திணறி நின்றுவிடலாம். அது நின்றால் பம்பும் நிற்கும். அதனால் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்து தகவலின் நகலை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். முக்கியமான ஆலைகளில் அதையும் டேட்டா டயோடு என்ற ஒருவழிக் கருவி வழியாகத்தான் வெளியே அனுப்புவார்கள். உள்ளிருந்து தகவல் ஒளியாக வெளியே போகும், திரும்பி வர வழியே கிடையாது. "பம்பில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு மாதிரியா?" என்று அவளே கேட்டாள். எனக்கு அப்போதே தீர்மானமாகிவிட்டது.

இதற்குச் சட்டத்தின் அழுத்தமும் இருக்கிறது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் ஏழு நிமிஷம் தப்பினால், முதலில் நடந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மின் துறைக்கென்று மத்திய மின்சார ஆணையம் 2021இல் தனி வழிகாட்டுதலே கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் ஆலைக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர, மென்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, முள் ஏன் ஆடுகிறது என்றும் தெரிய வேண்டும்.

படிக்கும்போதே நெட்வொர்க்கிங் கற்கட்டும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். இணையதளத்தில் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அப்புறம் ஆலைக் கணினிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62443 தரநிலை. முதல் இரண்டு வருஷம் ஆலையில் ஷிப்ட் பார்க்க வேண்டி வரலாம், பாதுகாப்பு வேலை அதற்குப் பிறகுதான். இதை அவளிடம் மறைக்கவில்லை, சரி என்றாள்.

கவுன்சிலிங் சாய்ஸ் ஃபில்லிங்கில் கல்லூரிகளை அவளே வரிசைப்படுத்தட்டும். தம்பிக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன். அட்வான்ஸ் ஏதும் கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு நாளைக் காலையே வாருங்கள்.