கணினி கேள்வி - பதில்: ஆட்டத்தின் நடுவே மூடிக்கொள்ளும் கேம்

கேள்வி: இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸர், 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம். புதிய கேம் எதைத் திறந்தாலும் ஷேடர் (காட்சியின் ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) தயாராகும் கட்டத்திலேயே, வீடியோ மெமரி போதவில்லை என்று ஒரு செய்தி வந்து மூடிக்கொள்கிறது. கார்டு டிரைவரை மூன்று முறை மாற்றிவிட்டேன். கார்டையே மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம். இப்போதைக்குக் கார்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். செய்தி கார்டைக் குறை சொன்னாலும் சந்தேகப்பட வேண்டியது பிராசஸரை. ஷேடர்களைத் தயாரிப்பதும், சுருக்கி வைத்த ஃபைல்களைப் பிரிப்பதும் பிராசஸரின் வேலை. அது கணக்கைத் தப்பாகப் போட்டால், கேமுக்குக் கிடைப்பது குப்பை. அந்தக் குப்பையைப் பார்த்துவிட்டு கேம் மெமரியின் மேல் பழி போடுகிறது. பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போதும், கார்டு டிரைவரை நிறுவும்போதும் உங்களுக்குப் பிழை வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், ஐ5-13600கே தொடங்கி மேலே உள்ளவற்றில், தேவைக்கு அதிகமான வோல்டேஜ் ஏறி உள்ளே சர்க்யூட் தேய்ந்துபோகும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வந்தன. அவை பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட்டோடு சேர்ந்து வரும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான கடைசி பயாஸை எடுத்து ஏற்றுங்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடலாம், யுபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள். பிறகு பயாஸுக்குள் போய் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மைக்ரோகோடு எண்ணைச் சரிபார்க்கலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது: இந்தத் திருத்தம் மேற்கொண்டு தேயாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. தேய்ந்துவிட்டதா என்று அறிய, பயாஸில் பெர்ஃபாமன்ஸ் கோர் ரேஷியோவை (பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) 55-இலிருந்து 53-க்கு இறக்கிவிட்டு அதே கேமை ஓட்டிப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒழுங்காக ஓடினால் பிராசஸர்தான் பழுது. வேகத்தைக் குறைத்தே காலத்தை ஓட்டாமல் வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள். பெட்டியோடு விற்ற இந்த மாடல்களுக்கு இன்டெல் 3 ஆண்டு வாரன்டியை 5 ஆண்டாக நீட்டியிருக்கிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். பெட்டியில்லாமல் வாங்கியதென்றால் முதலில் விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஆடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரே பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரை எதுவும் வருவதில்லை. மற்ற வேலைகளில் இந்தப் பிரச்சினை இல்லை.

பதில்: விண்டோஸில் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதில் 'சிஸ்டம்' திறந்து, அணைந்த நேரத்தில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருக்கிறதா பாருங்கள். அதன் விவரத்தில் பக்செக்கோடு (பிழை எண்) 0 என்றிருந்தால், பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது என்று பொருள்.

முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகி ஆடிப் பாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பல மாடல்களில் 360 வாட்தான் தாங்கும்; கேம் ஓடும்போது கார்டும் பிராசஸரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். சுவரில் செருகியும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் (கேபினெட்டுக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) பாருங்கள். கார்டில் இரண்டு 8-பின் துளைகள் இருந்தால், ஒரே கேபிளின் இரு முனைகளை மாட்டாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். ஒவ்வொரு துளைக்கும் கணக்கு 150 வாட். கேபினெட்டோடு சேர்த்து மலிவாகக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்களை, மேலே என்ன வாட் எழுதியிருந்தாலும், நம்ப வேண்டாம். பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்திருந்தாலும் சூட்டில் இப்படி அணையும், அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய 8 ஜிபி ராமுடன் வேறு கம்பெனி 8 ஜிபி ஒன்றைச் சேர்த்தேன். அன்றிலிருந்து அரை மணி ஆடினால் கேம் எந்தச் செய்தியும் காட்டாமல் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது.

பதில்: பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதிக வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) அணையுங்கள். வேகம் குறையும், ஆனால் கேம் மூடாமல் ஓடினால் இரண்டு ராமும் அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிடும். அப்போதும் மூடிக்கொண்டால், ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு ராமையும் தனியாக மாட்டி 4 சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்றத்தான் வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்களில்தான் இரண்டையும் மாட்ட வேண்டும். போர்டின் கையேட்டில் படம் இருக்கும்.