அடுத்த வாரம் வருவியா?

வணக்கம் ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தின் மூன்றாவது சனிக்கிழமை எங்கள் மாணவர் குழு, முப்பது பேர், ஒரு முதியோர் இல்லத்துக்குச் சேவைக்குப் போனோம். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பெருக்கினோம், ஜன்னல் துடைத்தோம், பாட்டுப் பாடினோம். கிளம்பும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டார். "வரேன் பாட்டி" என்றேன். வரப்போவதில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். பஸ்ஸில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், எனக்குத் தொண்டையை அடைத்தது. நாங்கள் அவர்களுக்காகப் போனோமா, எங்களுக்காகவா? ஒரு நாள் சேவையால் யாருக்கு என்ன பயன்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இதே கேள்வியை இன்னும் காட்டமாக ஒருவர் கேட்டிருக்கிறார். 1968-இல், மெக்சிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் பேசினார். அவரே கத்தோலிக்கக் குரு. சுற்றிப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். அங்குள்ளவர்களின் மொழிகூடத் தெரியாமல் போய் என்ன செய்துவிட முடியும் என்பது அவர் கோபம்.

அவர் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். அந்தப் பாதி புரிந்தது நானே செய்த தப்பால்.

மாணவனாக இருந்தபோது நானும் ஒரு தவக்காலச் சனிக்கிழமை இப்படிப் போனேன். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது என்று நாங்களே முடிவு செய்து, டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு போனோம். சுவர் நன்றாகத்தான் இருந்தது. தூசியைக்கூடத் துடைக்காமல் மேலேயே அடித்தோம். மதியத்துக்குள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளைச் சொட்டுகள். அதைப் பிளேடால் சுரண்டி எடுத்தது அங்கே வேலை பார்த்த இரண்டு அம்மாக்கள் என்பது, பிறகு ஒருமுறை போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று மதியத்துக்கு மேல், பொறுப்பிலிருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாத்தாவுக்குக் கால் நகம் வெட்டச் சொன்னார். சர்க்கரை நோய் உள்ளவர்களை எங்களிடம் விடவில்லை. அவர்களுக்குக் கால் மரத்திருந்தால் வெட்டுப் பட்டதே தெரியாது, பட்ட காயம் லேசில் ஆறாது. வயதானவர்களின் நகம் தடித்து, மஞ்சளாகி, கொம்பு மாதிரி இறுகிப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தை வளைக்காமல் நேராக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். பத்து விரலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் செருப்புக்குள் காலை விட்டு விரல்களை அசைத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து வராந்தாவின் கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். நகம் செருப்பில் இடித்து வலிக்கிறது என்று பல நாட்களாக நடப்பதையே குறைத்திருந்தாராம்.

ஒரு நாளில் பயன் உண்டா என்று கேட்டால் எனக்கு நினைவு வருவது அந்த நடைதான். அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தவர் அங்கேயே தினமும் இருக்கிறவர். எனக்கு விட்டிருந்தால் இன்னொரு சுவருக்குப் பெயின்ட் அடித்திருப்பேன்.

நோன்பிருப்பவர் தவிர்த்தது ஏழைக்கு உணவாகட்டும் என்று 5-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ போதித்தார். நோன்பும் தருமமும் அவருக்கு ஒரே கணக்கு. சேவைக்குப் போகிற மாணவர்கள், என்ன வேலை செய்வது என்று தாங்களே தீர்மானிப்பதை அந்த ஒரு நாள் நோன்பாக விட்டுவிடலாம். போட்டோவையும் விடலாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற நற்செய்தி வாசகத்தை, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் திருப்பலியில் கேட்கிறோம். மூன்றே வாரத்தில் முதியவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அந்தப் பாட்டி. நீங்கள் சொன்ன வாரம் தாண்டிவிட்டது. ஆனால் போகவே முடியாது என்று ஆகிவிடவில்லையே. இல்லத்துக்குப் போன் செய்து பொறுப்பாளரிடம் கேளுங்கள்: தனியாக வரலாமா, எந்த நாள் வசதி, வந்தால் என்ன வேலை இருக்கும்? வர வேண்டாம் என்றால் பாட்டிக்கு ஒரு கடிதம் போடுங்கள், யாராவது படித்துக் காட்டுவார்கள்.

வரலாம் என்றால் அவசரமாக இப்போதே போக வேண்டியதில்லை. தவக்காலத்துச் சனிக்கிழமைகளில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்து நிற்கும், உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) முடிந்தால் மாதக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அந்த சிஸ்டர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு எவ்வளவு தள்ளி வந்தாலும் ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. ஜூனில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். முப்பது பேர் வேண்டாம், நீங்களும் இன்னொருவரும் போதும். பாட்டிக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை என்றால் வருத்தப்படாமல் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

போய் வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்.