பறவை பத்தி படிச்சா சோறு கிடைக்குமா? பினாங்கு அம்மா ஒருத்தருக்கு

அக்கா, நீங்க அனுப்புனதை முழுசா படிச்சேன். உங்க பொண்ணுக்கு எஸ்பிஎம்ல, அதான் மலேசியாவுல ஸ்கூல் முடிக்கிற அரசுப் பரீட்சையில, நல்ல ரிசல்ட், ஆனா பார்மசி வேண்டாம் பறவைதான்னு பிடிவாதமா நிக்குறா, லீவ் நாள்ல தெலுக் ஆயிர் தாவார் கரைக்குப் போய் கடல் பறவைங்களைப் பாத்து எழுதிட்டு வர்றா, இது சோறு போடுமான்னு கேக்குறீங்க. பெத்தவங்க கேக்க வேண்டிய கேள்விதான்.

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். மார்கரெட் மோர்ஸ் நைஸ்னு ஒரு அம்மா, 1883ல அமெரிக்காவுல பொறந்தவங்க, பறவை ஆராய்ச்சி பண்றவங்களைத் தவிர பெருசா யாருக்கும் தெரியாது. அஞ்சு பொண்ணுங்களைப் பெத்து வளர்த்தவங்க. ஒஹாயோவுல கொலம்பஸ் ஊர்ல வீட்டுக்குப் பக்கத்துப் புதர்ல இருந்த சாங் ஸ்பேரோ குருவிங்களைப் புடிச்சு காலுல கலர் கலரா வளையம் மாட்டி விட்டாங்க, அப்பதான் எந்தக் குருவி எதோட ஜோடி, எது எந்த இடத்துக்குச் சண்டை போடுது, அடுத்த வருஷம் எது திரும்பி வருதுன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா தொடர்ந்து பாக்க முடிஞ்சது. செத்த பறவையை மியூசியத்துல வச்சு இனம் பிரிக்கிறதையே பெரிய வேலையா நெனைச்ச காலம் அது. 1937லயும் 1943லயும் ரெண்டு பாகமா வந்த அந்த ஆய்வு விலங்குகளோட நடத்தையைப் படிக்கிறவங்களுக்கு இன்னிக்கும் முக்கியம், 1942ல அமெரிக்கப் பறவையியல் சங்கத்தோட ப்ரூஸ்டர் மெடலும் கொடுத்தாங்க.

ஆனா அக்கா, அவங்களுக்கு யுனிவர்சிட்டியில சம்பள வேலை கிடைக்கவே இல்ல. வீட்டுக்காரர் பேராசிரியர், அவர் சம்பளத்துலதான் குடும்பம் ஓடுச்சு. நெனைச்சா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. உங்க பொண்ணு அப்படிச் சம்பளம் இல்லாம உழைக்கக் கூடாது, அதனால பாதையை இப்பவே பாத்து வைப்போம்.

எஸ்பிஎம்முக்கு அப்புறம் யுனிவர்சிட்டிக்குப் போறதுக்கான எஸ்டிபிஎம் படிப்பு, இல்லன்னா மெட்ரிகுலேஷன், அப்புறம் பயாலஜி டிகிரி. யுஎஸ்எம், அதான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், நம்ம பினாங்குலயே இருக்கு, ஹாஸ்டல் செலவு மிச்சம். படிக்கிறப்பவே ஸ்டாட்டிஸ்டிக்ஸும் மேப்பிங் சாஃப்ட்வேரும் கத்துக்கச் சொல்லுங்க, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், பறவையைப் பாக்கத் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருப்பாங்க, டேட்டாவை வச்சு ரிப்போர்ட் எழுதத் தெரிஞ்சவங்களைத்தான் வேலைக்கு எடுப்பாங்க. அரசாங்க வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான்ல பெர்மனண்ட் வேலை ஈஸியா கிடைக்காது, நெஜத்தைச் சொல்லிடுறேன். ஆனா கட்டுமானம் வர்ற இடத்துல சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயார் பண்ற கன்சல்டன்சிங்க இருக்கு, மேல படிச்சா லெக்சரர், டீச்சிங் பக்கமும் போகலாம். மலேசிய இயற்கைக் கழகத்தோட பினாங்கு கிளையில இப்பவே சேர்த்து விடுங்க, இந்த வேலை பாக்குறவங்களை நேர்லயே பாத்து சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுக்கட்டும்.

அரசாங்க யுனிவர்சிட்டிங்களுக்கு யுபியூ மூலமா விண்ணப்பம் போடுற நேரம் வந்தா பயாலஜியை முதல்ல போடட்டும். பார்மசியைக் கீழ போட்டு வைக்கலாமான்னு அவகிட்டயே கேளுங்க அக்கா, அவளுக்குத் தெரியாம நீங்களா போட்டுடாதீங்க.