எரிச்சலுள்ள தேவன் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். மெதடிஸ்த குடும்பம். என் கணவர் சைவர். அவர் கோணேசர் கோயிலுக்குப் போவார், நான் ஞாயிறு ஆராதனைக்குப் போவேன். அதை வைத்து எங்களுக்குள் சண்டை வந்தது கிடையாது.

போன மாதம் மகள் ஞாயிறு பாடசாலைக்காகப் பத்துக் கட்டளைகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். 'நான் எரிச்சலுள்ள தேவன்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "பொறாமைப்படக்கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லிப்போட்டு, கடவுள் மட்டும் ஏனம்மா பொறாமைப்படுறார்?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தாமலே, "எங்கட கோயிலை இடிச்ச பறங்கியளும் அந்த வசனத்தை வச்சுத்தானே இடிச்சவங்கள்" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

எரிச்சல் எப்படி ஐயா அன்பாகும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். சிவராத்திரிக்குப் பிறகு சுவாமி நகர்வலம் வரும்போது அவர் வாசலில் நிறைகுடம் வைப்பார். மகளும் பக்கத்தில் நிற்பாள். அதற்காகத் தேவன் எங்கள் வீட்டின்மேல் எரிச்சலாவாரா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. பெரியவர்கள் எத்தனையோ பேர் அந்த வசனத்தைக் கடகடவென்று ஒப்புவித்துவிட்டுப் போயிருக்கிறோம். அந்தப் பிள்ளை நின்று யோசித்திருக்கிறாள். சமாளித்து அனுப்பக்கூடாது.

முதலில் அந்த வசனம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், ஐந்தாம் வசனம். அதற்கு முன்னால் இரண்டாம் வசனம் இருக்கிறது: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." செங்கல் அறுத்து முதுகு உடைந்த ஒரு கூட்டத்தை மீட்டு, வனாந்தரத்தில் ஊட்டி, தூக்கிச் சுமந்து கொண்டுவந்த பிறகு பேசுகிற பேச்சு இது. எரிச்சல் என்று அவர் சொல்லும்போது அவருக்கும் அந்த ஜனத்துக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு கதை நடந்து முடிந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று வந்து 'என்னை மட்டும் கும்பிடு' என்று மிரட்டுவதாக இதை வாசித்தால் எல்லாமே கோணலாகத்தான் தெரியும்.

மனிதரின் பொறாமைக்கு வேதாகமத்திலேயே நல்ல உதாரணம் சவுல் ராஜா. 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று பெண்கள் பாடினார்கள். அன்றைக்கே அவனுடைய பார்வை மாறிவிட்டது. தாவீதுக்குக் கிடைத்த புகழ் சவுலுக்கு வேண்டியிருந்தது. கிடைக்காதபோது ஈட்டியை எடுத்தான். மகளுக்குச் செய்யாதே என்று சொல்லிக்கொடுக்கிற பொறாமை இதுதான். இன்னொருவரிடம் இருக்கிறதைப் பார்த்து வயிறெரிவது. தேவனுக்கு யாரிடமிருந்து எதைப் பறிக்க வேண்டியிருக்கிறது? அவரிடம் இல்லாதது எதுவும் இல்லை. போனால் நஷ்டம் நமக்குத்தான்.

இப்போது நம் ஊர்களில் ஐஸ் என்ற போதைப்பொருளில் பிள்ளைகள் விழுகிறார்கள். அப்படி ஒரு பிள்ளையின் தாயை யோசித்துப் பாருங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கும் கேற்றடியில் நிற்பாள். மகனைக் கூட்டிப்போக வந்தவர்களைத் திட்டுவாள், மகனின் சட்டையைப் பிடித்து இழுப்பாள், அக்கம்பக்கம் பார்க்கிறதே என்ற வெட்கம்கூட அவளுக்கு வராது. "அவன்ர வாழ்க்கை, அவன் பாத்துக்கொள்ளட்டும்" என்று படுக்கப் போகிறவளைவிட இவளுக்குத்தான் எரிச்சல் அதிகம். இவள்தான் தாய். இஸ்ரவேலர் குடியேறிய கானானில் மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளைகளை நெருப்பில் கொடுக்கும் வழக்கம் இருந்ததாக எரேமியாவும் லேவியராகமமும் சொல்கின்றன. தம் ஜனம் அந்தப் பக்கம் சாயும்போது, அன்புள்ள ஒரு தேவன் பேசாமல் இருந்தால்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் எனக்கு இந்த விஷயம் உண்மையில் பிடிபட்டது ஓசியாவை வாசித்தபோதுதான். உங்களுக்கும் அதையே சொல்வேன். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன் வட இஸ்ரவேலில் வாழ்ந்த தீர்க்கதரிசி அவர். மனைவி கோமேர் அவரை விட்டுப் போய்விடுகிறாள். போனவள் எங்கெங்கோ அலைந்து, கடைசியில் விலைக்கு நிற்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள் என்றுதான் மூன்றாம் அதிகாரத்தைப் பெரும்பாலும் வாசிக்கிறோம். ஓசியா போய் அவளை வாங்கிக்கொண்டு வருகிறார். எவ்வளவுக்கு? பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும். அந்தக் காலத்தில் ஓர் அடிமைக்கு மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் வைத்த மதிப்பு முப்பது வெள்ளி. கையில் வெள்ளி போதாமல், வீட்டிலிருந்த தானியத்தை அளந்து போட்டு மிச்சத்தை நிரப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். தன் சொந்த மனைவிக்கு ஊருக்கு முன்னால் விலை கொடுக்கிற மனுஷன். ஒவ்வொரு மரக்காலாக அந்த வாற்கோதுமை அளக்கப்படுகிறபோது சுற்றி நின்றவர்கள் என்னென்ன சொல்லியிருப்பார்கள்!

தேவன் அந்த இடத்தில் ஓசியாவைக் காட்டி, 'என் நிலைமையும் இதுதான்' என்கிறார். அந்தப் புத்தகத்தில் கோபமான, வாசிக்கவே கஷ்டமான வரிகளும் உண்டு. இரண்டாம் அதிகாரத்தை மென்று விழுங்க முடியாது. ஆனால் பதினோராம் அதிகாரத்துக்கு வரும்போது அந்தக் கோபத்தின் அடியில் என்ன இருந்தது என்று தெரிகிறது. வட இஸ்ரவேலை எப்பிராயீம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்: "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?... என் இருதயம் எனக்குள் குழம்புகிறது." அடுத்த வசனத்திலேயே, தம் உக்கிர கோபத்தின்படி செய்யமாட்டேன் என்று சொல்லி, அதற்குக் காரணமும் தருகிறார்: "நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்." மனுஷனாக இருந்தால் இந்த எரிச்சல் அடியிலும் உதையிலும்தான் முடிந்திருக்கும். தேவனாக இருப்பதால் அது விலை கொடுத்து மீட்பதில் முடிகிறது. சிலுவையை நான் இதே வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன். நம்மை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருவர் கடைசியில் தம்மையே கொடுத்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். 'கடவுளே பொறாமையுள்ளவர்தானே, நான் சந்தேகப்பட்டால் என்ன' என்று சொல்லி மனைவியின் போனை வாங்கிப் பார்க்கிற, அவள் யாரோடு கதைக்கிறாள் என்று கணக்கெடுக்கிற ஆண்கள் சபைகளுக்குள்ளும் இருக்கிறார்கள். இந்த வசனத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. அவர்களுடைய பொறாமை பயத்திலிருந்து வருகிறது. தேவனைப்பற்றிப் பழைய சபைப் பிதாவான அகுஸ்தீனார் எழுதும்போது, நீர் வைராக்கியம் (இதே எரிச்சல்தான்) கொள்கிறீர், ஆனாலும் கலங்காதிருக்கிறீர் என்ற பொருளில் எழுதினார். அந்தக் கலக்கமின்மை இல்லாதவன் தேவனைத் தனக்குச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

சரி, உங்கள் கணவர் சொன்னதுக்கு வருகிறேன். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் அரைகுறைதான்.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய கோயில் அந்தக் கோணேசர் கோயில். 1620களில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இன்றும் பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோயிலுக்கு ஏறுகிற எவரும் அந்த நிலைக்கல்லைப் பார்க்கலாம். இரண்டு கயல் மீன்கள் செதுக்கியிருக்கும், பக்கத்தில் சிதைந்துபோன தமிழ் எழுத்து. கும்பிடப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கடந்துதான் போகிறார்கள். துறைமுகத்தைக் காக்க ஒரு மேடும் கோயிலின் செல்வமும் அந்தப் படைக்குத் தேவைப்பட்டன என்பது உண்மை. தேவனுக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு அவர்களுடைய கையைத் தடுக்கவில்லை, இன்னும் துணிவைத்தான் கொடுத்தது என்பதும் உண்மை. ஒரு வேதக்காரனாக இதை நான் பூசி மெழுகமாட்டேன். அது பாவம்.

வேதத்தில் அப்படி இடிக்கச் சொல்லியிருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது. யாத்திராகமம் 34இல், 'எரிச்சலுள்ளவர் என்பதே அவர் நாமம்' என்ற வசனத்துக்கு நேர் முன்னால், கானானியரின் பலிபீடங்களை இடிக்கும்படி கட்டளை இருக்கிறது. ஒரு தேசத்துக்கு, ஒரு காலத்தில், அந்தப் பிள்ளைப்பலிகளின் நடுவில் கொடுக்கப்பட்டது. அதைக் கடல்தாண்டி வந்த ஒரு படை தன் உத்தரவுப் பத்திரமாக எடுத்துக்கொள்ள எந்த அதிகாரமும் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் வைராக்கியத்தோடு என்ன செய்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்கிறது. இயேசு ஒரே இடத்தில்தான் பலகைகளைக் கவிழ்த்தார். அது எருசலேம் தேவாலயம், அவருடைய பிதாவின் வீடு. ரோமருடைய கோயில்கள் அந்த நாட்டிலேயே இருந்தன. அவற்றில் ஒரு கல்லையும் அவர் தொட்டதாக இல்லை. அன்றைக்குச் சீஷர்களுக்கு நினைவு வந்த சங்கீத வரியைக் கவனியுங்கள்: "உம்முடைய வீட்டைக்குறித்து உண்டான பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது." பட்சித்தது அவரைத்தான். சமாரியக் கிராமம் ஒன்று அவரை ஏற்றுக்கொள்ளாதபோது வானத்திலிருந்து நெருப்பு இறங்கக் கட்டளையிடவா என்று கேட்ட யாக்கோபையும் யோவானையும் அவர் அதட்டினார்.

பவுலைப் பாருங்கள். பக்திவைராக்கியத்தில் சபையைத் துன்பப்படுத்தினவன் நான் என்று அவரே எழுதினார். இடிக்கிற வைராக்கியத்தை உள்ளிருந்து அறிந்தவர். பிறகு கிரேக்க நகரமான அத்தேனேயில் ஊர் முழுக்க விக்கிரகங்களைப் பார்த்து உள்ளுக்குள் கொதிக்கிறார். ஆனால் சந்தைவெளியில் நின்று பேசுகிறார், அவர்களுடைய புலவர்களின் வரியை எடுத்துச் சொல்கிறார். எபேசுவில் பெரிய கலகம் வந்தபோது, அந்த நகரத்தின் அதிகாரியே எழுந்து பவுலின் ஆட்களைப்பற்றிச் சொன்னது இது: "இவர்கள் கோவில் கொள்ளைக்காரருமல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல." கோணமலையில் ஏறிய படையைப்பற்றி இப்படி ஒரு வார்த்தை யாராலும் சொல்ல முடியவில்லை. அது எனக்கு மிகுந்த துக்கம்.

தேவனுடைய எரிச்சல் அவரோடு உடன்படிக்கை செய்தவர்களைப்பற்றியது. நாகூம் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் அசீரியரின் நினிவே நகரத்துக்கு எதிராக அது வருகிறதே என்றால், அங்கே முன்னுக்கு நிற்பது அந்த நகரம் சிந்திய இரத்தம். நான் சிலுவைக்கு முன் முழங்காற்படியிட்டிருக்கிறேன் என்றால், அந்த எரிச்சல் பார்க்கிறது என்னைத்தான். என் பணம், என் பெயர், என் சபைக்குள் நான் பிடிக்கிற பதவி, இவற்றில் எது அவருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் கேட்கிறது. அதைத் திருப்பி அயலவனின் வாசலுக்கு நேரே பிடிக்கிறவன் தனக்கு வந்த கடிதத்தை அடுத்த வீட்டில் போட்டுவிட்டு வருகிறான்.

உங்கள் கணவரோடு இதைக் கதைக்க ஒரு வழி இருக்கிறது. வேறு தெய்வத்தை நினையேன் என்று உருகிய மாணிக்கவாசகரை அவருக்குத் தெரியும். ஒரே இடத்தில் மனத்தைக் கட்டிப்போடுவது அவருக்குப் புதிதல்ல. யாத்திராகமத்தில் அதே பேச்சு மறுபக்கத்திலிருந்து வருகிறது. 'உன்னையன்றி யாருமில்லை' என்று அடியார் சொல்வதுபோல, அங்கே தேவன் தம் ஜனத்தைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. அவருக்குக் கேட்கக்கூடிய பேச்சு என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக நிறைகுடம். நிறைகுடம் வைப்பது உங்கள் கணவர், அவருடைய பக்தியில். நம்பிக்கையில் சேராத கணவன் கூட வாழச் சம்மதித்தால் அவனைவிட்டுப் போகவேண்டாம், அவன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். அந்த வீட்டைத் தேவன் எரிச்சலோடு பார்க்கிறார் என்று எழுதவில்லை. அதே நிருபத்தில், 'நாம் கர்த்தருக்கு எரிச்சலை மூட்டலாமா' என்றும் கேட்கிறார், அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் அது கர்த்தருடைய பந்தியிலும் மற்றப் பந்தியிலும் பங்குகொண்டவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அது உங்களுக்கானது. உங்கள் ஆராதனை யாருக்கு என்பதில் நீங்கள் தெளிவாக இருங்கள். அப்பாவின் பக்கத்தில் மரியாதையாக நிற்கிற பிள்ளையைப் பிடித்து உள்ளே இழுக்கவேண்டாம். நாளைக்கு அவள் வளர்ந்து தானாகத் தெரிந்தெடுப்பாள். பயத்தில் தெரிந்தெடுத்ததை அன்பு என்று தேவன் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

மகளுக்கு இப்போது அந்தக் கட்டளையை இரண்டாம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் ஓசியா பதினோராம் அதிகாரம், பன்னிரண்டே வசனம். வாசித்து முடித்ததும் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.