ஓவன் வாங்கக் கடனைப் புதுப்பிக்கலாமா?

ஹட்டனுக்குப் பக்கத்திலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்:

"வீட்டில் நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். காலையில் வரும் பாண் ஓட்டோவில் பாண், பணிஸ், மாலுபாண் என்று தினமும் 500 ரூபாய் போகிறது. ஓட்ஸையும் கச்சானையும் பாணி விட்டு வறுத்துப் பாலில் போட்டுச் சாப்பிடும் கிரனோலாவை வீட்டிலேயே செய்தால் நல்ல மிச்சம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். கடையில் 400 கிராம் பெட்டி 2,600 ரூபாய். வீட்டில் செய்தால் ஒரு கிலோவே 2,400க்குள் முடியும். 48,000 ரூபாய்க்கு ஓர் ஓவன் பார்த்திருக்கிறேன். மிஞ்சுவதை ஏப்ரல் சுற்றுலா சீசனில் நுவரெலியாவில் விற்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். தம்பி ஓட்டோ வாங்க என் பெயரில் 2 இலட்சம் குழுக்கடன் எடுத்தேன். போன வருஷம் ஓட்டோ திருத்த வேண்டியிருந்ததால் அதை ஒரு தடவை புதுப்பித்தோம். மாதம் 11,300, இன்னும் 11 தவணை இருக்கிறது. தம்பி 5,000 தருவான், மீதி என் சம்பளத்தில். இப்போது திரும்பப் புதுப்பித்தால் கைக்குக் காசு வரும் என்று கடன் அதிகாரி சொல்கிறார். அதில் ஓவனை வாங்கிவிடலாமா?"

வாங்க வேண்டாம், சகோதரி. கடனைப் புதுப்பிக்கவும் வேண்டாம்.

முதலில் கிரனோலா. கடைப் பெட்டியைவிட வீட்டில் செய்வது மலிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் அந்தப் பெட்டியை வாங்கிச் சாப்பிடுகிறவர் இல்லையே. பாணுக்குப் பதிலாகத்தானே இதைச் செய்யப் போகிறீர்கள்? அப்படியானால் பாணோடுதான் ஒப்பிட வேண்டும். ஆளுக்கு 60 கிராம் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 240 கிராம். மாதம் 26 நாளுக்கு ஆறு கிலோவுக்கு மேல் வரும். உங்கள் விலைப்படியே அது கிட்டத்தட்ட 15,000 ரூபாய். வெறும் வாயில் சாப்பிட முடியாது, பால் வேண்டும். நாளுக்கு ஒரு லீற்றர், 240 ரூபாய் என்றே வையுங்கள். இன்னொரு 6,000 ஆச்சு. மொத்தம் 21,000. இப்போது பாணுக்குப் போவது 13,000. இதில் மிச்சம் எங்கே இருக்கிறது? 8,000 கூடத்தான் போகிறது.

இந்த வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பெட்டி கிரனோலா வாங்கிப் பழகிய வீடுகளுக்குச் சொன்ன கணக்கை நம் ஆட்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்ஸ் இறக்குமதிச் சாமான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது இறக்குமதிச் சாமான்கள் என்ன விலைக்குப் போயின என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிள்ளைகள் ஆசைப்பட்டால் செய்து கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், கொஞ்சமாக. அதற்கு ஓவன் எதற்கு? அடி கனத்த தாச்சி போதும். கச்சானை வறுத்து, துணியில் போட்டுக் கசக்கி, சுளகில் புடைத்துத் தோலை எடுங்கள். ஓட்ஸோ அவலோ எள்ளோடு மெல்லிய நெருப்பில் வாசம் வரும்வரை வறுபடட்டும். பிறகு கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கித்துள் பாணியும் விட்டு, கைவிடாமல் கிளறுங்கள். பாணி அடிப்பிடித்தால் கசந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே இறுக்கமான டின்னில் போடுங்கள். உங்கள் ஊர் மழையிலும் பனியிலும் மூடி கொஞ்சம் லேசாக இருந்தாலே நமுத்துப் போகும். விற்கும் யோசனைக்கும் இதே சிக்கல் உண்டு. அது போக, ஏப்ரல் சீசன் சில வாரங்களில் முடிந்துவிடும், கடனோ 24 மாதம் ஓடும்.

காலைச் சாப்பாட்டில் உண்மையாகவே மிச்சம் பிடிக்க வாரத்தில் நாலு நாள் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்யுங்கள், ஒரு நாளைக்குக் குரக்கன் மாவைச் சேர்த்துக்கொள்ளலாம். 500 ரூபாயில் பாதிக்குள் முடியும். மாதம் நாலாயிரம் கையில் நிற்கும்.

ஆனால் உங்கள் வீட்டில் காசு ஒழுகுகிற இடம் காலைச் சாப்பாடு இல்லை. தம்பியின் தவணையில் மாதாமாதம் 6,300 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறதே, அதுதான் இடிக்கிறது. அந்த நிலையிலும் ஓட்டோ திருத்த ஒரு தடவை கடனைப் புதுப்பித்தீர்கள், இப்போது ஓவனுக்காகத் திரும்பப் புதுப்பிக்கப் பார்க்கிறீர்கள். இந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

புதுப்பித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மீதி 11 தவணை, அதாவது சுமார் 1,24,000 ரூபாயைக் கடன் தருகிறவர்கள் முதலில் கழித்துக்கொள்வார்கள். அதே அளவு கடனைத் திரும்பத் தந்தால், அந்தப் புது 2 இலட்சத்தில் உங்கள் கைக்கு வருவது 76,000. அதற்குப் பிறகு திரும்பவும் 24 மாதம் 11,300 கட்ட வேண்டும், மொத்தம் 2,71,000. புதுப்பிக்காமல் விட்டால் 1,24,000தோடு முடிந்திருக்கும். ஆக, 76,000 ரூபாயை வாங்கி 1,47,000 ரூபாயைக் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். கடன் தாளில் வட்டி 18 சதவீதம் என்று இருக்கலாம். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதற்பணத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போதும் முழு 2 இலட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி 30 சதவீதத்துக்கு மேல்.

தம்பியிடம் மாதக் கடைசியில் காசு கேட்காதீர்கள். ஓட்டோ ஓட்டுகிறவர் கையில் காசு வருவது தினமும், செலவாவதும் தினமும். மாதக் கடைசியில் 11,300 ஒன்றாக இருக்காது. ஓடுகிற நாளெல்லாம் சாயங்காலம் 450 ரூபாய் தந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். 26 நாளில் 11,700 ஆகிவிடும். வண்டி ஓடாத நாளுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். அக்கா தம்பிக்குள் இது என்ன என்று அவருக்குக் கோபம் வரலாம். வரட்டும், கடன் தாளில் இருப்பது உங்கள் பெயர்தானே.

இரண்டு மாதம் இப்படியும் சரிவராவிட்டால் ஓட்டோவை விற்றுக் கடனை முடிப்பதைப் பற்றி வீட்டில் எல்லாரையும் வைத்துப் பேசுங்கள். 2020இலிருந்து பல வருஷம் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய ஓட்டோவுக்கும் விலை விழாமல் இருந்தது, இன்றைய விலையைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியின் பெயர் மட்டும் இருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

கடன் அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று முழுவதையும் கட்டி முடித்தால் வட்டியில் எவ்வளவு கழிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் குழுவில் மற்றவர்கள் உங்களுக்காகவும், நீங்கள் அவர்களுக்காகவும் பிணைக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆகவே புதுப்பிக்கப் போவதில்லை என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் அதிகாரி படிவத்தை நீட்டும்போது அவர்கள் உங்களை வற்புறுத்தாமல் இருப்பார்கள்.